ஒரே கேம் பொம்மை, நாற்பது போக்கு: வடிவமைப்பு வகுப்பை மாணவர் வேலை செய்யும் விதத்துக்கு ஏற்ப நடத்துவது எப்படி

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுக்கும் பெரும்பாலான வகுப்புகளில் ஒரே வரிசைதான்: பிரச்சினையை எழுது, நான்கு யோசனை வரை, ஒன்றைத் தேர்ந்தெடு, அளவு போட்டு வரை, செய், மதிப்பிடு. தாளில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இந்த வரிசையில் யோசிக்கிற பிள்ளைகள் வகுப்பில் சிலர்தான். மற்றவர்கள் செய்வதைச் செய்து முடித்துவிட்டு, ரெக்கார்டு நோட்டுக்காக யோசனைகளைப் பின்னால் வரைகிறார்கள். நோட்டைத் திருத்துகிறவருக்கு அது தெரியும், பிள்ளைக்கும் தெரியும். 1985 முதல் 1991 வரை லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் தலைமையில் நடந்த மதிப்பீட்டுத் திட்டம் இந்த நேர்கோட்டு வரிசையை ஏற்கவில்லை. வடிவமைப்பு என்பது மனசுக்கும் கைக்கும் இடையே மாறி மாறி நடக்கிற வேலை என்றுதான் அது விவரித்தது.

அதற்காக நாற்பது பேருக்கும் நாற்பது வேலை கொடுக்கத் தேவையில்லை. கொடுத்தால் பொருள் தட்டுப்பாடும் பசைத் துப்பாக்கிச் சண்டையும்தான் மிஞ்சும். வேலை ஒன்றாகவே இருக்கட்டும், தரமும் ஒன்றாகவே இருக்கட்டும். எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது என்பதை மட்டும் தளர்த்தினால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஓர் உதாரணமாக, 7, 8ஆம் வகுப்புக்குப் பொருத்தமான கேம் பொம்மையை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு ‘கேம்’ அல்ல, ‘cam’: அச்சோடு சுற்றும்போது தன்மேல் இருப்பதை ஏற்றி இறக்கும் தட்டை வட்டு. கைப்பிடியைச் சுற்றினால் பெட்டிக்கு மேலே நிற்கும் உருவம் ஏறி இறங்கும். 80 நிமிட இரட்டைப் பீரியட் ஆறு போதும்.

முதலில் பொம்மை

பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் அமைக்கும் செய்முறைக் கூடம்) இருந்தால் 3டி பிரிண்டரும் இருக்கும். இந்த வேலைக்கு அதைத் தொடாதீர்கள். சின்ன கேம் ஒன்றுக்கே அரை மணி நேரம் போய்விடும், நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். நெளி அட்டைதான் சரி. தவறினால் இரண்டே நிமிடத்தில் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். வேலைப் போக்குகள் வெளியே தெரிவதும் அப்படி மலிவான பொருளில்தான்.

இருவருக்கு ஒரு செட் என்ற கணக்கில் வேண்டியவை: மூணு ப்ளை பெட்டி அட்டையில் 15 × 10 செ.மீ. தட்டு நான்கு, மூலைக்கு முட்டுக் கொடுக்க, செங்கோணப் பக்கங்கள் 4 செ.மீ. உள்ள முக்கோணம் எட்டு; 3 மி.மீ. கனமுள்ள 25 செ.மீ. மூங்கில் குச்சி இரண்டு. ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழல் ஒன்று. கேமுக்கும் அதன்மேல் உட்காரும் வட்டத் தட்டுக்கும் உதிரி அட்டை. குழலுக்குப் பதில் பேப்பர் ஸ்ட்ரா வைக்கலாம், ஆனால் ஃபெவிகால் ஈரத்தில் அது இளகிக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அஞ்சு ப்ளை அட்டை வேண்டாம். அதை வெட்டக் கட்டரை அழுத்த வேண்டும், அழுத்தினால் நழுவும்.

நான்கு தட்டையும் முன்னும் பின்னும் திறந்த சட்டமாக ஒட்டி, மூலைகளில் முக்கோணம் வைக்க வேண்டும். முக்கோணத்தை விட்டால் கைப்பிடியைச் சுற்றும்போது சட்டம் பக்கவாட்டில் சாயும். பக்கத் தட்டு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரே குத்தாகத் துளை போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் உயரம் மாறும், இரண்டு துளையிலும் கோக்கும் குச்சி, அதாவது அச்சு, சாய்ந்தே சுற்றும்.

கேம் என்பது 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம். துளை மையத்தில் வேண்டாம், மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிப் போடுங்கள். தள்ளிய தூரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றம் கிடைக்கும், அதாவது 2 செ.மீ. கேமின் மேல் உட்காரும் தட்டு 7 செ.மீ. வட்டம். அதில் செங்குத்தாக ஒட்டிய குச்சி, கூரையில் பொருத்திய பேனாக் குழல் வழியே மேலே வரும். குழல் 4 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். குட்டையாக இருந்தால் குச்சி சாய்ந்து சிக்கும். கேமைத் தட்டின் நடுவுக்கு நேர் கீழே வைத்தால் உருவம் ஏறி இறங்கும். 2 செ.மீ. பக்கவாட்டில் தள்ளினால் ஏறி இறங்கிக்கொண்டே சுழலவும் செய்யும்.

யார் எப்படித் தொடங்குகிறார் என்று பார்ப்பது

முதல் பீரியடில் பொம்மையைப் பற்றிப் பேசாமல், 15 நிமிடத்துக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். ஒரு ஏ4 தாள், 15 செ.மீ. டேப், கத்தரிக்கோல். 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்கு. அதன்மேல் பாலம் கட்டி, ஐந்து ரூபாய் நாணயங்களை ஏற்ற வேண்டும். தனியாகத்தான் செய்ய வேண்டும், பேசத் தடையில்லை.

இரண்டாவது நிமிடத்தில் ஒரு முறை, எட்டாவது நிமிடத்தில் ஒரு முறை வகுப்பைச் சுற்றி வாருங்கள். இருக்கை வரைபடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் இந்தச் சொற்களில் ஒன்றின் முதல் எழுத்து போதும். தாளை மடிக்கத் தொடங்கிவிட்டவர் ‘கை’. பென்சிலோடு உட்கார்ந்திருப்பவர் ‘வரை’. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சொல்லி முடிவெடுப்பவர் ‘பேச்சு’. அசையாமல் மற்றவர்களைப் பார்ப்பவர் ‘காத்து’. எட்டாவது நிமிடத்தில் எழுத்து மாறியிருந்தால் அதையும் குறியுங்கள். மாறியவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்கள் நேரம் வேண்டியது மாறாதவர்களுக்குத்தான்.

இந்த எழுத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ‘நீ கை ஆள்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த வருடம் வரைபடம் கேட்கும்போது அதுவே சாக்காகிவிடும். தவிர, எழுத்து நிலையானதும் அல்ல. தாள் மடிப்பதில் துணிந்து இறங்குகிற பெண், பேட்டரியும் வயரும் கொடுத்தால் முதலில் படம் போட்டுப் பார்ப்பாள். அதனால் வேறு பொருளில் இன்னொரு சிறு வேலை கொடுத்துச் சரிபாருங்கள். ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்’ என்று பிரித்துப் பாடம் நடத்துவதோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் செய்த மறுஆய்வு, அந்தப் பிரிவினைக்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. நாம் கவனிப்பது வேலை நடக்கும் வரிசையை. மூளையின் வகையை அல்ல.

நான்கு சாட்சி, எந்த வரிசையிலும்

ரெக்கார்டு நோட்டின் பக்க வரிசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு சாட்சி கேளுங்கள். பொம்மை யாருக்கு, அது என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. குறைந்தது மூன்று மாற்று வழிகள் இரண்டாவது. ஒரு மாதிரியைச் சோதித்து, எண்ணோடு எழுதிய முடிவு மூன்றாவது. அந்த முடிவைப் பார்த்துச் செய்த ஒரு மாற்றமும் அதன் காரணமும் நான்காவது.

எந்தச் சாட்சியும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எந்த வடிவத்திலும் வரலாம்: படம், அட்டை மாதிரி, அட்டவணை, உங்கள் போனில் ஒரு நிமிடப் பேச்சு. ஒரே நிபந்தனைதான். அது நடந்த அன்றே உங்களிடம் காட்டித் தேதியும் கையெழுத்தும் வாங்க வேண்டும். மாதிரியின் பின்பக்கத்திலேயே போடலாம். பின்னால் வரைகிற பழக்கம் இதோடு நின்றுபோகும், ஏனென்றால் அதனால் இனி ஒரு லாபமும் இல்லை.

தளர்த்தக் கூடாதது ஒன்று உண்டு. கடைசி அட்டையை வெட்டும் முன் அளவு போட்ட ஒரு வரைபடம் எல்லோரிடமும் இருக்க வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்கிறவர் அதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் வெட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மதிப்பெண் ஒவ்வொரு சாட்சிக்கும் 5, பொம்மை இயங்குவதற்கு 10, மொத்தம் 30. கலர், ஷேடிங், தலைப்பு எழுத்துக்கு எதுவும் இல்லை. இதை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள். ஸ்கெட்ச் பேனா பெட்டியோடு வந்தவர்களின் முகம் கொஞ்சம் வாடும், பரவாயில்லை.

கையில் தொடங்குகிறவர்கள்

இவர்களை ‘முதலில் வரை’ என்று நிறுத்தினால், தாளில் ஏதாவது கிறுக்கிவிட்டு அட்டைக்குப் போவார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உதிரி அட்டையும் குச்சியும் கொடுத்து, சட்டமே இல்லாமல் ஒரு கேமைக் கையில் பிடித்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 20 நிமிடத்தில் ஏதோ ஒன்று அசையும். அதன் பிறகு அந்த மாதிரியைத் தாள்மேல் வைத்துச் சுற்றி வரையச் சொல்லி, துளைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். அளவு வரைபடம் அப்படித்தான் வந்துசேரும். பொருளிலிருந்து எடுத்த வரைபடம் என்பதால் அதில் பொய் இருக்காது.

இவர்களிடம் வழக்கமாக வரும் கோளாறு வேறு. ஒன்று வேலை செய்தால் அதோடு நின்றுவிடுவார்கள். மூன்று மாற்று வழி வராது. ‘இன்னும் இரண்டு வரை’ என்றால் முன்னதையே கொஞ்சம் மாற்றிப் போடுவார்கள். அதனால் பொருளில் கேளுங்கள்: இதே குச்சியில் நீள்வட்டக் கேம் ஒன்று, நத்தை வடிவக் கேம் ஒன்று வெட்டிப் போட்டுப் பார். நத்தைக் கேம் மெதுவாக ஏற்றித் திடீரென்று விழவிடும். ஒரு பக்கம் சுற்றினால்தான் ஓடும், எதிர்ப்பக்கம் சுற்றினால் படியில் இடித்து நிற்கும். அந்த இடியை அவர்களே கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ‘ஏன் நின்றது?’ என்ற கேள்விக்கு, அளந்த எண்ணோடு எழுதும் இரண்டு வரிதான் மூன்றாவது சாட்சி.

வரைந்துகொண்டே இருப்பவர்கள்

நோட்டு அழகாக இருக்கும். மூன்றாவது வகுப்பிலும் அட்டையில் கை பட்டிருக்காது. அழித்து அழித்து வரைவார்கள். சோம்பலோ பயமோ என்று நினைத்துவிடுவோம், பெரும்பாலும் இரண்டும் இல்லை. முதல் வெட்டோடு முடிவு எடுத்தாகிவிடும் என்று நம்புகிறார்கள், அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

பென்சிலையும் ரப்பரையும் வாங்கிக்கொண்டு பால்பாயிண்ட் பேனா கொடுங்கள். பிறகு ஒரு ‘குப்பை மாதிரி’ கேளுங்கள். பழைய பெட்டி அட்டை, ஸ்கேல் கிடையாது, கலர் கிடையாது, 12 நிமிடம். முடிந்ததும் எப்படியும் தூக்கிப் போடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடியே செய்யவும் வேண்டும். தேதி போட்டுக்கொண்டு அவர்கள் கையாலேயே கூடையில் போட வையுங்கள். அதைப் பத்திரப்படுத்திச் சுவரில் மாட்டினால், அடுத்த குப்பை மாதிரியையும் அழகாகச் செய்யத் தொடங்குவார்கள்.

வரைபடத்தில் இவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, கேமின் உச்ச நிலையை மட்டும் வரைவது. தாழ்ந்த நிலையை அதே படத்தில் புள்ளிக்கோடாகப் போடச் சொல்லுங்கள். அச்சு 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் கேமின் மேல்விளிம்பு 9 செ.மீ. வரை போகும், 7 செ.மீ. வரை இறங்கும். கீழ்விளிம்பு தரையிலிருந்து 1 செ.மீ. வரை வரும். இந்தக் கணக்கைப் போடாமல் அச்சை 3 செ.மீ. உயரத்தில் வைத்தவருக்குக் கேம் அடித்தட்டில் முட்டி நிற்கும்.

பேசி யோசிக்கிறவர்களுக்கு அதிகம் தேவையில்லை. ஒரு நிமிடம் பேச விட்டுப் பதிவு செய்துகொண்டு, சொன்னதில் ஒரு வாக்கியத்தை மட்டும் தாளில் எழுத வையுங்கள். தமிழில் எழுதட்டும், வீட்டில் பேசுகிற தமிழில் எழுதினாலும் சரி.

காட்டுவதில் கவனம்

சில பிள்ளைகளுக்கு முடிந்த பொருளைப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும், சிலருக்கு அடுத்த படி மட்டும் தெரிந்தால் போதும். முதல் வகையினருக்காக முடிந்த பொம்மை ஒன்றை மேசைமேல் வைப்பது எளிது. ஆனால் அதற்கு விலை உண்டு. மேசைமேல் குதிக்கிற தவளை இருந்தால் வகுப்பே தவளை செய்யும். சிறுவர்கள் மட்டும் இப்படிச் செய்வதில்லை. டேவிட் ஜேன்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் பொறியியல் மாணவர்களும் இதையே செய்தார்கள். சிந்தாத காபிக் கப் வடிவமைக்கச் சொன்னபோது, ஸ்ட்ரா கூடாது என்று விதி இருந்தும், ஸ்ட்ரா வைத்த எடுத்துக்காட்டைப் பார்த்தவர்கள் ஸ்ட்ராவையே வரைந்தார்கள்.

ஆகவே உருவம் எதுவும் ஒட்டாத வெறும் இயக்கத்தைக் காட்டுங்கள். அதிலும் ஒன்று வேண்டாம், மூன்றாகக் காட்டுங்கள்: வட்டக் கேம், நத்தைக் கேம், பக்கவாட்டில் தள்ளிய கேம். நான்கு நிமிடம் போதும். காட்டியதும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

படிப்படியாகப் போகிறவர்களுக்கு ஆறு அட்டைகள் செய்து வையுங்கள். முதல் மூன்றில் அளவும் படமும் முழுதாக இருக்கட்டும்: சட்டம், துளை, அச்சு. நான்காவதிலும் ஐந்தாவதிலும் அளவு இல்லை, கேள்விதான்: ‘உருவம் எவ்வளவு உயர வேண்டும்? அப்படியானால் துளையை எவ்வளவு தள்ளுவாய்?’ ஆறாவது வெற்று அட்டை, அதை அவர்களே எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆறிலும் விடையைக் கொடுத்துவிட்டால், வருடம் முழுக்க அட்டை கேட்டு வருவார்கள்.

ஜோடி, மேசை, பசை

‘கை’யும் ‘வரை’யும் ஜோடி சேர்ந்தால் நல்லது என்று தோன்றும். விட்டுவைத்தால் ஒருவர் கடைசிவரை வெட்டிக்கொண்டே இருப்பார், மற்றவர் எழுதிக்கொண்டே இருப்பார். ஆணும் பெண்ணும் கலந்த ஜோடியில் எழுதுகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்துக் கருவியைக் கைமாற்றுங்கள். கருவி இல்லாதவர் வாயால் சொல்லலாம், அட்டையைத் தொடக் கூடாது. தொட்டுத்தான் சொல்ல முடியும் என்பவருக்கு இந்த 15 நிமிடம் பெரும்பாடாக இருக்கும். அளவை வாய்விட்டுச் சொல்ல அவர் பழகுவது அங்கேதான். ‘கை’ இருவரைச் சேர்க்க வேண்டாம், முதல் பீரியடிலேயே பொருள் தீர்ந்துவிடும்.

இடக்கைப் பிள்ளைகள் மேசையின் இடது ஓரத்தில் உட்காரட்டும். சாதாரணக் கத்தரிக்கோலை அவர்கள் பிடித்தால் வெட்டும் கோட்டை மேல் அலகு மறைக்கும். பிசிறு வெட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், கவனக்குறைவு அல்ல. முடிந்தால் வகுப்புக்கு இரண்டு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கி வையுங்கள்.

பசைத் துப்பாக்கி எட்டுப் பேருக்கு ஒன்று, தனி மேசையில். 20 வாட் சிறு துப்பாக்கிக்கு 7 மி.மீ. குச்சி போதும், சூடாக ஐந்து நிமிடம் ஆகும். அங்கே வரிசை விட்டால் வேகமானவர்களே திரும்பத் திரும்ப முன்னால் நிற்பார்கள், நிதானமாக வேலை செய்கிறவருக்கு மணி அடிக்கும்வரை முறை வராது. ஆளுக்கு மூன்று டோக்கன் கொடுங்கள். ஒட்டும் முன் உலர்வாகப் பொருத்திப் பார்க்கும் பழக்கமும் இதில் தானாக வந்துவிடும்.

சீக்கிரம் முடித்தவர்கள்

இன்னொரு பொம்மை கொடுக்காதீர்கள், அது வேகத்துக்குத் தருகிற பரிசு. அளக்கச் சொல்லுங்கள். கூரையில் ஸ்கேலை நிறுத்தி, குச்சியின் ஏற்றத்தைப் பாருங்கள். கணக்குப்படி 20 மி.மீ. வர வேண்டும். 17 மி.மீ. தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 மி.மீ. எங்கே போயிற்று?

நல்ல விசாரணை இது. அச்சு நடுவில் வளைகிறதா என்று விரலால் கீழே அழுத்திப் பார்க்கலாம். துளை பெரிதாகி அச்சு ஆடுகிறதா, தட்டு சாய்ந்து ஒரு விளிம்பில் மட்டும் உட்காருகிறதா, தட்டு முழுதாக இறங்காமல் பாதியில் தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளலாம். கடைசியது என்றால் தட்டின்மேல் ஒரு இரும்பு வாஷர் ஒட்டினால் சரியாகும். தட்டு இறங்குவது எடையால்தான், கேம் அதைக் கீழே இழுப்பதில்லை. கைப்பிடி சுற்றியும் கேம் சுற்றவில்லை என்றால் பசை விட்டிருக்கிறது. கேமின் இருபக்கமும் 2 செ.மீ. சதுர அட்டையை அச்சில் கோத்துச் சேர்த்து ஒட்ட வேண்டும். ஓட்டம் கரடுமுரடாக இருந்தால் கேமின் விளிம்பில் நெளிவு தட்டுகிறது, மாஸ்கிங் டேப் ஒரு சுற்று போதும்.

உங்கள் குறிப்பேடு

நாற்பது பேரையும் ஒவ்வொரு வகுப்பிலும் கவனிப்பது நடக்காத காரியம். வகுப்புக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் பாலம் கட்டிய நாளுக்குப் பின் வரும் ஐந்து வகுப்பில் எல்லோரையும் பார்த்துவிடலாம். ஒருவருக்கு ஒரு வரி: எங்கே நின்றார், எதைக் கொடுத்ததும் நகர்ந்தார். ‘நன்று’, ‘கவனம் தேவை’ என்றெல்லாம் எழுதி வைத்தால் பின்னால் ஒன்றுக்கும் உதவாது. ‘அச்சுத் துளையில் நின்றாள், குப்பை மாதிரி கொடுத்ததும் நகர்ந்தாள்’ என்பது உதவும்.

அடுத்த வேலையில் வாசலை மாற்றுங்கள். கையில் தொடங்கியவர்கள் இந்த முறை ஒரு படத்தோடு தொடங்க வேண்டும், அதுவும் ஒரே படம், ஐந்தே நிமிடம். வரைந்தவர்கள் அட்டையோடு தொடங்க வேண்டும். பேசியவர்கள் முதல் பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். முதல் வேலையில் அவரவர் வழியில் ஒரு பொருளை முடித்த தெம்பு இருக்கும்போது இதைக் கேட்டால் முனகலோடு செய்வார்கள். முதல் வேலையிலேயே கேட்டால் செய்வதுபோல் நடிப்பார்கள். கோளாறான கேம்களைக் கழித்துக் கட்ட வேண்டாம். ‘ஒரு பக்கம்தான் சுற்றும்’, ‘துளை நடுவில்’, ‘விளிம்பு தட்டுகிறது’ என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், அடுத்த வருடம் எந்த உருவமும் காட்டாமல் கேமை மட்டும் கையில் கொடுத்து வகுப்பைத் தொடங்கலாம்.